எவர்ட்டன் குடியிருந்த ஐந்து மைதானங்கள்

ஆன்ஃபீல்டு யாருடைய மைதானம்? இங்கிலாந்துக் கால்பந்தைப் பார்க்கத் தொடங்கி இரண்டு மாதமானவர்கூட யோசிக்காமல் லிவர்பூல் என்று சொல்லிவிடுவார். சரியான பதில். ஆனால் அந்த மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்து முதன்முதலில் லீக் பட்டம் வென்றது அதே ஊரின் இன்னொரு கிளப்பான எவர்ட்டன். அது 1891ஆம் ஆண்டு. லிவர்பூல் என்றொரு கிளப்பே அப்போது கிடையாது.

இது எப்படி என்று புரிய, ஒரு வாடகைத் தகராறைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன்னால், புதிதாக வருபவர்களுக்காக ஓர் அடிப்படை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்து லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியுடனும் இரண்டு முறை மோதும். ஒன்று தன் ஊரில், இன்னொன்று எதிரணியின் ஊரில். முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் 20 அணிகள் என்பதால் ஒரு சீசனுக்கு 38 ஆட்டங்கள். அவற்றில் 19 ஆட்டங்களைச் சொந்த மைதானத்தில் ஆடுவார்கள். இதைத்தான் ஹோம் கிரவுண்ட் என்கிறார்கள். நம் ஊர் கிரிக்கெட் ஸ்டேடியம்போல மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் ஐபிஎல் அணிக்கும் பொதுவான இடமில்லை அது. பெரும்பாலும் ஒரே கிளப் ஆண்டுக்கணக்கில் புழங்கும் இடம். அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்த அதே வரிசையில் பேரன் உட்கார்ந்திருப்பான். வீடு மாதிரி. வீடு என்று வந்துவிட்டால் சொந்த வீடா, வாடகை வீடா என்ற கேள்வியும் கூடவே வரும். எவர்ட்டன் கதையின் முடிச்சு அங்கேதான் விழுந்தது.

எவர்ட்டன் என்பது லிவர்பூல் நகரத்தின் வடக்கே உள்ள ஒரு பகுதியின் பெயர். அங்கே செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் தேவாலயம் இருந்தது. அந்தச் சபையின் இளைஞர்கள் கோடையில் கிரிக்கெட் ஆடுவார்கள். குளிர்காலத்தில் என்ன செய்வது? 1878இல் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார்கள். சபைக்கு வெளியே இருந்தவர்களும் வந்து சேர ஆசைப்பட்டதால், அடுத்த ஆண்டே பெயரை எவர்ட்டன் என்று மாற்றிக்கொண்டார்கள்.

முதல் மைதானத்தை மைதானம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஸ்டான்லி பார்க் என்ற பொதுப் பூங்காவின் ஒரு மூலை அது. வேலி இல்லை, டிக்கெட் இல்லை, கேலரி இல்லை. ஆடுகிறவர்களே கோல் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்து நட்டு, ஆட்டம் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். பார்க்க வந்த கூட்டம் கோட்டோரம் நெருக்கியடித்து நிற்கும். பூங்கா பொதுச்சொத்து என்பதால் யாரிடமும் காசு வாங்க வழியில்லை. காசு வராமல் கிளப்பை எத்தனை நாள் ஓட்டுவது?

அதனால் 1883இல் பிரயரி ரோட்டுக்குப் போனார்கள். வில்லியம் க்ரூயிட் என்பவர் தன் நிலத்தில் வேலி போட்டு ஆட இடம் கொடுத்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டம் பெருகியது, சத்தமும் பெருகியது. ஒரே சீசன்தான், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்மேலும் முழுத் தப்பு சொல்ல முடியாது. வாசலில் வாராவாரம் திருவிழாக் கூட்டம் நின்றால் யார்தான் பொறுப்பார்கள்?

மூன்றாவது இடம் ஆன்ஃபீல்டு. இங்கேதான் ஜான் ஹோல்டிங் வருகிறார். பீர் ஆலை முதலாளி, அரசியல்வாதி, பின்னாளில் நகரத்தின் லார்டு மேயர். எவர்ட்டன் பகுதியில் அவர் செல்வாக்குக்கு 'ராஜா ஜான்' என்றே பட்டப்பெயர் விழுந்திருந்தது. 1884இல் ஆரல் என்ற இன்னொரு பீர் ஆலைக் குடும்பத்தின் நிலத்தைக் கிளப்புக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அந்த நிலத்தை அவரே விலைக்கு வாங்கினார். கிளப்பின் தலைவரே கிளப்புக்கு வீட்டுக்காரரும் ஆனார்.

ஆட்டக்காரர்கள் உடைமாற்ற மைதானத்தில் அறை இல்லை. பக்கத்தில் இருந்த சாண்டன் என்ற மதுவிடுதியில் உடுப்பை மாற்றிக்கொண்டு, ரசிகர்களுக்கு நடுவே தெருவில் நடந்து மைதானத்துக்கு வருவார்கள். அந்த விடுதியும் ஹோல்டிங்குடையதுதான். மைதானத்துக்குள் தீனியும் பானமும் விற்கும் உரிமையையும் அவர் வேறு யாருக்கும் விடவில்லை. கூட்டம் வந்தால் வாடகையும் அவருக்கு, தாகம் எடுத்தால் அந்தக் காசும் அவருக்கு. மெதடிஸ்ட் சபையில், மதுவை அறவே வெறுத்த சூழலில் பிறந்த கிளப் இது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் ஆட்டத்தில் கிளப் வளர்ந்தது. 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக்கைப் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து தொடங்கின. எவர்ட்டன் அதில் ஒன்று. மூன்றாவது சீசனிலேயே பட்டமும் வந்தது. ஆன்ஃபீல்டில் வென்ற அந்தப் பட்டத்தைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

கிளப்பின் வருமானத்தோடு வாடகையும் ஏறியது. 100 பவுண்டாக இருந்தது சில ஆண்டுகளுக்குள் 250 பவுண்டு ஆனது. அப்புறம் ஹோல்டிங் ஒரு யோசனையோடு வந்தார். கிளப்பை லிமிடெட் கம்பெனியாக்கலாம், அந்தக் கம்பெனி தன்னிடமிருந்தும், பக்கத்து நிலத்தை இன்னும் வைத்திருந்த ஆரலிடமிருந்தும் நிலத்தை மொத்தமாக வாங்கிக்கொள்ளட்டும் என்றார். நிலத்தை விற்பவரும் அவர், வாங்கச் சொல்பவரும் அவர். உறுப்பினர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

கிளப்புக்குள் ஹோல்டிங்கை எதிர்த்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் மேஹன். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். 1892 தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து, வேறு மைதானத்துக்குப் போய்விடலாம் என்றார். உங்களால் வேறு இடம் பிடிக்க முடியாது என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். இடம் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது என்றாராம் மேஹன். வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஸ்டான்லி பார்க்கின் மறுபுறத்தில் மியர் கிரீன் என்ற நிலத்தைப் பிடிப்பதற்கான ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் போனார்கள்.

ஹோல்டிங் சும்மா இருப்பாரா? எவர்ட்டன் என்ற பெயரையே தன் கம்பெனிக்குப் பதிவு செய்து வைத்திருந்தார். யார் உண்மையான எவர்ட்டன் என்ற வழக்கு, இங்கிலாந்துக் கால்பந்தை நிர்வகிக்கும் கால்பந்துச் சங்கத்துக்குப் போனது. பெயர் மேஹன் தரப்புக்கே என்று தீர்ப்பானது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மைதானம் ஒருவரிடம் தங்கியது. பெயரும் உறுப்பினர்களும் லீக்கில் இருந்த இடமும் வெளியேறியவர்களோடு போயின. ஹோல்டிங் கையில் மிஞ்சியது புல்தரையும் கேலரியும் மட்டும்.

காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு புது கிளப்பைத் தொடங்கினார். அதற்கு லிவர்பூல் என்று பெயர் வைத்தார். ஸ்காட்லாந்திலிருந்து ஆட்களை இறக்கினார். பாதிப்பேரின் பெயர் 'மெக்' என்று தொடங்கியதால் 'மெக்குகளின் அணி' என்று ஊர் கிண்டலடித்தது. 1892 செப்டம்பர் 1 அன்று லிவர்பூல் தன் முதல் ஆட்டத்தை ஆன்ஃபீல்டில் ஆடி ராதர்ஹாம் டவுனை 7-1 என்று வென்றது. மறுநாள் எவர்ட்டன் தன் புது மைதானத்தில் போல்ட்டனை 4-2 என்று வென்றது. நடுவே ஒரு பூங்கா, அவ்வளவுதான் தூரம். இன்றைக்குச் சிவப்புச் சட்டை என்றால் லிவர்பூல். ஆனால் முதல் சில ஆண்டுகள் அவர்கள் ஆடியது நீலமும் வெள்ளையும் கலந்த உடுப்பில். சிவப்புக்கு மாறியது 1896இல்.

ஒரே ஊரின் இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு டெர்பி என்று பெயர். லீக்கில் இந்த இருவரின் முதல் டெர்பி 1894 அக்டோபரில் நடந்தது. எவர்ட்டன் 3-0 என்று வென்றது. பங்காளிச் சண்டை அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

நான்காவது வீட்டின் பெயர் குடிசன் பார்க். தமிழில் எழுதும்போது குடிசை நினைவுக்கு வருகிறது, என்ன செய்வது. உண்மையில் இங்கிலாந்தில் கால்பந்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய முதல் பெரிய மைதானங்களில் ஒன்று அது. மியர் கிரீன் மேடும் பள்ளமுமான நிலம். அதைச் சமன்செய்து, வடிகால் போட்டு, கேலரி கட்டுவதற்குப் பணம் வேண்டும். ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற டாக்டர் வட்டியில்லாமல் ஆயிரம் பவுண்டு கடன் கொடுத்தார். 1892 ஆகஸ்ட் 24 அன்று திறப்பு விழா. வேடிக்கை என்னவென்றால் அன்றைக்குக் கால்பந்து ஆட்டமே இல்லை. ஓட்டப்பந்தயம், பாட்டுக் கச்சேரி, கடைசியில் வாணவேடிக்கை என்று முடித்துக்கொண்டார்கள். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சில ஆண்டுகளில் இந்த நிலத்தையும் கிளப் சொந்தமாக வாங்கியது. வாடகையில் சூடுபட்டவர்கள் அல்லவா.

குடிசனின் முகத்தை வரைந்தவர் ஆர்ச்சிபால்டு லீட்ச். ஸ்காட்லாந்துக்காரர், தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்து மைதானங்களில் பாதியை அவர்தான் வடிவமைத்தாரோ என்று தோன்றும், அத்தனை இடங்களில் அவர் கைவண்ணம் உண்டு. குடிசனில் கேலரியின் மேல்தளத்து விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகளைப் பெருக்கல் குறிபோல வரிசையாகப் பொருத்தியிருந்தார். பாரம் தாங்கத்தான் வைத்தது. நீலப் பின்னணியில் வெள்ளையாகத் தெரிந்ததால் அதுவே அலங்காரமாகிவிட்டது. 1938இல் கடைசிக் கேலரியும் முடிந்தபோது, நான்கு பக்கமும் இரண்டடுக்குக் கேலரி கொண்ட மைதானம் நாட்டில் இது ஒன்றுதான்.

நான்கு பக்கமும் என்றேன். ஒரு மூலையில் செயின்ட் லூக் தேவாலயம் உள்ளே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கேலரிகள் சேர வேண்டிய இடத்தில் செங்கல் கோயில். டிவியில் பழைய ஆட்டங்களைப் பார்த்தால் கார்னர் அடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் அது தெரியும். மற்ற பக்கங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வாசலைத் திறந்தால் மைதானச் சுவர். இந்த நெருக்கம்தான் குடிசனின் அழகு. அதை மூட்டைகட்ட வைத்ததும் இதே நெருக்கம்தான்.

இங்கே நடந்தவற்றை எல்லாம் சொன்னால் கட்டுரை தாங்காது. ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிக்ஸி டீன். மெர்சி நதிக்கு அக்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்காரர். தலையால் பந்தை முட்டி கோல் போடுவதில் மன்னர். 1927-28 சீசனின் கடைசி ஆட்டம், எதிரணி ஆர்சனல். முந்தைய சீசனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல் அடித்திருந்தார். டீன் கணக்கில் 57. முறியடிக்க மூன்று கோல் வேண்டும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இரண்டு வந்துவிட்டன. அதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. முடிய எட்டு நிமிடங்கள் இருக்கும்போது கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டினார். அறுபது. அப்போது அவர் வயது 21. நூறாண்டை நெருங்கும் இந்நாள் வரை இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் அந்த எண்ணை யாரும் தொட்டதில்லை. அதே டீன் 1980 மார்ச்சில், குடிசனில் டெர்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார்.

அவருடைய கதைக்கு நெருக்கமான இன்னொரு செய்தி. இறந்த ரசிகர்களின் சாம்பலைக் குடிசன் ஆடுகளத்தின் ஓரத்தில் புதைக்கும் வழக்கம் இருந்தது. 800 பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். இடம் போதாமல் 2004இல் கிளப் அதை நிறுத்திவிட்டது. ஸ்டேடியத்தைத்தானே மாற்றுகிறார்கள், இதற்கு ஏன் இத்தனை கண்ணீர் என்று கேட்பவர்களுக்கு இதை மட்டும் சொன்னால் போதும்.

1948 செப்டம்பரில் லிவர்பூலுடன் மோதிய ஆட்டத்துக்கு 78,299 பேர் வந்தார்கள். அதுதான் அங்கே கூடிய அதிகபட்சக் கூட்டம். பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்த்தார்கள். 1966 உலகக் கோப்பையில் ஐந்து ஆட்டங்கள் குடிசனில் நடந்தன. பல்கேரியாவுக்கு எதிராக பெலே கோல் அடித்தது இங்கே. காலிறுதியில் வட கொரியா 3-0 என்று முன்னிலை பெற்றபின் போர்ச்சுகலின் யூசேபியோ நான்கு கோல் போட்டு 5-3 என்று புரட்டியதும் இங்கேதான்.

பிறகு 1989. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். அந்தக் கொடுமையில் பலியானவர்கள் மொத்தம் 97 பேர். நகரமே, எவர்ட்டனின் நீலம், லிவர்பூலின் சிவப்பு என்ற பேதமில்லாமல், சேர்ந்து அழுதது. அதை விசாரித்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டால் ஆள் எண்ணிக்கை பாதியாகும். குடிசனின் கொள்ளளவு நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது. அதிலும் லீட்சின் தூண்கள் மறைப்பதால் பல இருக்கைகளில் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டும். பெரிதாக்கலாம் என்றால் ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம்.

இடம் தேடும் படலம் இருபது ஆண்டுக்கு மேல் நீண்டது. கிங்ஸ் டாக் திட்டம் பணமில்லாமல் விழுந்தது. நகர எல்லைக்கு வெளியே கர்க்பி என்ற இடத்துக்குப் போகும் திட்டத்தை 2009இல் அரசு நிராகரித்தது. கடைசியில் கிடைத்தது மெர்சி நதிக்கரையில் பிராம்லி-மூர் டாக். 1848இல் திறந்த பழைய கப்பல்துறை. கப்பல்துறை என்றால் தரை இல்லை, தண்ணீர். முதலில் அதைத் தூர்க்க வேண்டும். உள்ளே இருந்த மீன்களைப் பிடித்து அடுத்த துறையில் விட்டார்கள். ஐரிஷ் கடலின் அடியிலிருந்து மணலை அள்ளிவந்து கொட்டினார்கள். நான்கரை லட்சம் கன மீட்டருக்கும் மேல். பழைய கல்சுவர்களை இடிக்காமல் மணலுக்குள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. லிவர்பூல் துறைமுகப் பகுதியை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருந்தது. கரையோரத்தில் வரும் புதுக் கட்டுமானங்களைக் காரணம் காட்டி 2021 ஜூலையில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்தக் கட்டுமானங்களில் இந்த ஸ்டேடியமும் ஒன்று. பயன்பாடில்லாமல் கிடந்த துறைக்கு உயிர் வந்ததே என்பது ஒரு கட்சி, பழைமையைக் கெடுத்துவிட்டார்கள் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. பூட்டிக்கிடக்கும் பாரம்பரியத்தைவிட, வாரம் ஐம்பதாயிரம் பேர் நடமாடும் பாரம்பரியம் தேவலை என்று நினைக்கிறேன்.

ஹில் டிக்கின்சன் ஸ்டேடியம் என்று பெயர். காசு கொடுத்துப் பெயர் வைக்கும் உரிமையை வாங்கிய ஒரு சட்ட நிறுவனத்தின் பெயர் அது. கிட்டத்தட்ட 53,000 பேர் உட்காரலாம். தெற்குக் கேலரியின் சரிவு 34.99 டிகிரி. விதிகள் அனுமதிக்கும் உச்சம் 35. அந்த ஒரு புள்ளியைக்கூட விடக்கூடாது என்று கணக்குப் போட்டு எழுப்பியிருக்கிறார்கள், ரசிகர்கள் ஆடுகளத்தின் மேல் கவிந்து நிற்பதுபோல இருக்க வேண்டும் என்பதற்காக. வெளிச்சுவரின் செங்கல் வேலையை உற்றுப் பார்த்தால் லீட்சின் பெருக்கல் குறி தெரியும்.

ஆண்கள் அணி குடிசனிடம் விடைபெற்றது 2025 மே 18 அன்று. சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலும் செனகல் வீரர் இலிமான் நடியே அடித்தவை. புது மைதானத்தின் முதல் லீக் ஆட்டம் பிரைட்டனுடன். அதிலும் 2-0. முதல் கோல் யாருடையது தெரியுமா? அதே நடியே. தேதி, 2025 ஆகஸ்ட் 24. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, குடிசனில் வாணவேடிக்கை விட்ட அதே நாள், 133 ஆண்டு கழித்து.

சரி, பழைய வீட்டை இடித்துவிட்டார்களா? முதலில் அப்படித்தான் திட்டம். வீடுகளும் கடைகளும் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. 2025 மே மாதம் முடிவு மாறியது. குடிசன் பார்க்கை எவர்ட்டன் பெண்கள் அணிக்குச் சொந்த மைதானமாகக் கொடுத்தார்கள்.

அந்த மைதானம் பெண்களுக்குப் புதிதல்ல. 1920 டிசம்பர் 26 அன்று டிக், கெர் லேடீஸ் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி செயின்ட் ஹெலன்ஸ் அணியுடன் குடிசனில் ஆடியது. வந்தவர்கள் 53,000 பேர். அதற்கு மேல் உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு வருடம்கூட ஆகவில்லை, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, சங்கத்தின் கீழ் உள்ள எந்த மைதானத்திலும் அவர்கள் ஆடக்கூடாதென்று கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அந்தத் தடை ஐம்பது ஆண்டு நீடித்தது. இப்போது குடிசனின் சாவி அவர்கள் கையில்.